பிஞ்சஸுக்குக் கீரையும் காயும் பழமும்: எதை, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

பிஞ்சஸ் என்றால் கூண்டில் வளர்க்கும், விதை தின்னும் சின்னக் குருவிகள். அவற்றில் வளர்ந்த ஜீப்ரா பிஞ்ச் ஒன்றின் எடை 12 கிராம் சொச்சம். வெள்ளரிக்காயை விரல் தடிமனுக்கு ஒரு வில்லை நறுக்கிச் சமையலறைத் தராசில் வைத்தால் 20 கிராம் காட்டும். கூண்டுக் கம்பியில் நாம் ஆசையாகச் செருகிவிடும் அந்த ஒரு வில்லை, குருவியைவிடக் கனம். பிஞ்சஸுக்குப் பழம் கொடுக்கலாமா என்று யார் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

எங்கள் பால்கனியில் ஆறு வருடமாகப் பிஞ்சஸ் இருக்கின்றன. முதல் ஜோடியை வாங்கியபோது கடைக்காரர், "தினை போடுங்க, தண்ணி வைங்க, வேற எதுவும் வேணாம் சார். பழம் கிழம் குடுத்தா வயித்தால போயிடும்" என்றார். ஒரு வருடம் அப்படியே செய்தேன். குருவிகள் உயிரோடு இருந்தன, அவ்வளவுதான். பெட்டை இட்ட முட்டைகளின் ஓடு காகிதம் மாதிரி மெலிந்து, அடைக்கு உட்காரும்போதே நசுங்கியது.

அதற்குப் பிறகு நான் நேரெதிர்த் திசையில் ஓடினேன். ஒரு மே மாதம், காலை எட்டு மணிக்கு, உள்ளங்கை அகலத் தர்பூசணித் துண்டைத் தினைக் கிண்ணத்தை ஒட்டி வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பழச்சாறு தினைக்குள் இறங்கிப் புளித்த வாடை. எறும்பு வரிசை ஒரு பக்கம், பழ ஈ ஒரு பக்கம். பெட்டை ஊதிப்போய்க் கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளில் தேறிவிட்டது என்றாலும், பழம் கொடுப்பதற்கும் பழத்தைப் போட்டுவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் புரிந்தது.

கூண்டில் இருப்பது எந்தக் குருவி?

ஜீப்ரா பிஞ்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. புல்விதைதான் அதன் சோறு. மழை பெய்து புல் கதிர் விட்டதும் பாதி முற்றிய பச்சை விதையைத் தின்று, அதையே குஞ்சுக்கும் ஊட்டும். பெரும்பாலும் அந்தப் பசுமைக் காலத்தில்தான் கூடு கட்டும். கோல்டியன் பிஞ்சும் ஆஸ்திரேலியாதான், அதன் வடபகுதி. 1844-இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கோல்ட் தன் மறைந்த மனைவி எலிசபெத்தின் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார். ஜாவாக் குருவி இந்தோனேசியாவைச் சேர்ந்தது. பெங்காலி பிஞ்சுக்கும் வங்காளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்து உருவாக்கிய வளர்ப்புப் பறவை அது.

நான்குமே விதை தின்னிகள். பழம் தின்று வாழும் மலை மைனா, குக்குறுவான் மாதிரி வயிறு இவற்றுக்கு இல்லை. ஆகவே நான் வைத்திருக்கும் வரிசை: முதலில் பச்சை, அடுத்து காய், கடைசியில் பழம். நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறோம். நமக்குப் பழம் பிடிக்கும், அதனால் குருவிக்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

போகிற போக்கில் ஒன்று. வயல்வெளியில் திரியும் சில்லைகளை, அதாவது நம் ஊர்த் தினைக்குருவிகளை, யாராவது பிடித்து வந்து விற்றால் வாங்காதீர்கள். சாயம் பூசி விற்பவர்களும் உண்டு. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

படி 1: அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

60 கிலோ மனிதர் ஒருவர் 12 கிராம் குருவியைப்போல் 5,000 மடங்கு. அரை டீஸ்பூன் பப்பாளி, 2.5 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குருவிக்கு அது நாம் பன்னிரண்டரை கிலோ பப்பாளியை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவதற்குச் சமம். குருவிக்குப் பசி நம்மைவிட வேகமானது, செரிமானமும் வேகமானது, ஆகவே கணக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் கையை அடக்க உதவும்.

நான் கடைப்பிடிப்பது இதுதான். ஒரு ஜோடிக்குத் தினமும் பொடியாக நறுக்கிய கீரை, காய் சேர்ந்து தலைதட்டிய ஒரு டீஸ்பூன். பழம் வாரத்தில் இரண்டு நாள். ஒரு ஜோடிக்குக் கால் டீஸ்பூன், ஒரு கொண்டைக்கடலை அளவு. ஒரு நாள் சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு விதையாகவே இருக்கட்டும். பழம் அதிகமானால் இனிப்பும் தண்ணீரும் வயிற்றை நிரப்பிவிடும். குருவி தினையைக் கொத்துவதைக் குறைத்துக்கொள்ளும்.

படி 2: எதைக் கொடுக்கலாம்

எங்கள் கூண்டில் முதலிடம் முருங்கைக்கீரைக்கு. விதையில் குறைவாக இருக்கும் சுண்ணாம்புச் சத்தும், வைட்டமின் ஏ-யாக மாறும் சத்தும் இதில் தாராளம். எந்தத் தெருவிலும் ஒரு மரம் இருக்கும், அதற்கு மருந்தடிப்பவர்களும் குறைவு. ஈர்க்கோடு ஒடித்து வந்து, கழுவி, கூண்டின் உட்பக்கம் ஒரு சுத்தமான துணி கிளிப்பில் மாட்டிவிடுங்கள். கிளி மாதிரி காலால் பிடித்துத் தின்ன பிஞ்சஸுக்கு வராது. இலை தரையில் தளர்வாகக் கிடந்தால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். கிளிப்பில் இறுகப் பிடித்த இலையைத்தான் கிழித்துத் தின்ன முடியும். எங்கள் சேவல் முதலில் ஈர்க்கின் நுனியில் தொங்கி ஊஞ்சலாடும். ஆடும்போதே ஓர் இலையைக் கவ்வித் தலையை உதறும். அரிசி நொய் அளவில் ஒரு கிழிசல் வாயில் வரும், மறுபடி அதே இடத்தில் கவ்வும். பத்து நிமிடத்தில் இலையின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி ஆகியிருக்கும். பெட்டை அவசரப்படாது, கீழே உதிர்ந்ததைப் பொறுக்கும்.

கொத்தமல்லித் தழையும் முள்ளங்கி இலையும் நல்லவை. பாலக், அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை ஆகியவற்றை வாரத்துக்கு ஒரு முறை போதும். இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டை இடும் பருவத்தில் அறவே தவிர்க்கிறேன். பர்கரில் வைக்கும் வெளிர் லெட்டூஸ் கெடுதல் செய்யாது, நன்மையும் செய்யாது. வெறும் தண்ணீர்.

காய்களில் கேரட், மஞ்சள் பூசணி (சில ஊர்களில் பரங்கிக்காய்), சர்க்கரைவள்ளி மூன்றும் ஒரே காரணத்துக்காக முக்கியம்: ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின், உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறுகிறது. வெறும் தினையில் வளரும் குருவிக்கு மிகவும் குறைவது இந்த வைட்டமின்தான். கேரட்டையும் பூசணியையும் பச்சையாகத் துருவலாம். சர்க்கரைவள்ளியை உப்பில்லாமல் வேகவைத்து, ஆறவைத்து, மசித்துக் கொடுங்கள். புரோக்கோலிப் பூ ஒன்றைக் கிளிப்பில் மாட்டினால் அந்தக் குட்டி மொட்டுகளை விதை என்றே நினைத்துக் கொத்தும். பழக்கமில்லாத குருவியையும் ஏமாற்ற நல்ல வழி. பச்சைப் பட்டாணியை நசுக்கி வையுங்கள். வெள்ளரிக்காய் என்றால் பிஞ்சஸுக்குக் கொள்ளை ஆசை. அதில் 95 சதவீதம் தண்ணீர் என்பதால் வெயில் காலத்துக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இளம் மக்காச்சோளக் கதிரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகத்தால் கீறினால் பால் தெறிக்க வேண்டும், அந்தப் பதம். வரிசையைக் குறுக்கே கத்தியால் கீறிவிட்டு இரண்டு அங்குலத் துண்டாகக் கொடுங்கள். காட்டில் அது தேடுகிற பால் பிடித்த விதைக்கு, கடைத்தெருவில் கிடைக்கும் மிக நெருக்கமான பொருள் இதுதான். தினைப்புனத்தில் வள்ளி பரண் மேல் நின்று "ஆலோலம்" பாடிப் பறவைகளை விரட்டினாள் என்று நாம் கேட்டு வளர்ந்தோமே, புனத்துக்குப் பறவைகள் மொய்ப்பதும் கதிர் பால் பிடிக்கும் அந்த நாள்களில்தான்.

பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், கொய்யா, பப்பாளி, மாதுளை, முலாம்பழம் எல்லாம் சரி. ஆப்பிள், பேரிக்காய் விதைகளை எடுத்துவிடுங்கள். அவற்றில் சயனைடாக மாறும் பொருள் உண்டு. மாதுளை முத்தை அப்படியே வைத்தால் உருண்டோடும், ஆகவே இரண்டாக வெட்டி வையுங்கள். வெள்ளை நிறப் பிஞ்ச் வைத்திருப்பவர்கள் மறுநாள் ரோஸ் நிறப் பிஞ்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாயம் குளித்தால் போய்விடும். வாழைப்பழம் அலகில் அப்பிக்கொள்கிறது. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. மாம்பழம் கொடுப்பதானால் தோல் சீவி, நடுச் சதையில் கொஞ்சம். கல் வைத்துப் பழுக்க வைத்தது வேண்டாம். திராட்சைக்கு மருந்து அதிகம் அடிப்பார்கள் என்பதால் நான் வாங்குவதே இல்லை.

படி 3: எதைக் கொடுக்கவே கூடாது

இதில் முதல் பெயர் வெண்ணெய்ப்பழம், அதாவது பட்டர் ஃப்ரூட். அதில் உள்ள பெர்சின் என்ற பொருள் பறவைகளின் இதயத் தசையைப் பழுதாக்கும். 'துளியூண்டுதானே' என்ற பேச்சு 12 கிராம் உடம்பிடம் எடுபடாது. பழம், தோல், கொட்டை, இலை எதுவும் கூண்டுப் பக்கம் வரக்கூடாது. அதற்கு அடுத்து சாக்லேட், காபி, டீ. வெங்காயமும் பூண்டும் வேண்டாம். முளைவிட்ட அல்லது பச்சை படர்ந்த உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, காளான், மரவள்ளி, வேகவைக்காத ராஜ்மா, மொச்சை இவையும் வேண்டாம். மிக்சர், முறுக்கு, ஊறுகாய்த் துணுக்கு என்று குழந்தைகள் பாசத்தில் நீட்டுவதைக் கவனியுங்கள். அந்த உப்பை அந்தச் சிறுநீரகம் தாங்காது.

சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் பேன் மருந்தாகத் தலையில் தேய்த்த காலத்தைப் பாட்டிகள் சொல்வார்கள். பேனைக் கொல்வது குருவிக்கு எதற்கு?

படி 4: கழுவுவது

கீரைக்கட்டைப் பிரித்து, வேரையும் மண் ஒட்டிய அடித்தண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு இலையில் தங்கிவிடக் கூடாது. கடைசித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கொத்தமல்லியிலும் காலிஃபிளவரிலும் நான் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்கிறேன். பழங்களையும் கேரட்டையும் தோல் சீவிவிடுவது சுலபம்.

ஈரத்தை முழுக்கத் துடைக்க வேண்டியதில்லை. ஈர இலையில் உருண்டு குளிப்பது பிஞ்சஸுக்குத் தின்பதைவிடப் பெரிய குஷி.

படி 5: நறுக்குவது

தழையைக் கிளிப்பில் மாட்டலாம் என்று சொன்னேன். மற்றதையெல்லாம் கடுகுக்கும் அரிசிக்கும் இடைப்பட்ட அளவில் நறுக்குங்கள். பிஞ்சின் அலகு விதையை உரிப்பதற்கு ஏற்ற இடுக்கி. கடித்துத் துண்டாக்கும் கத்தி இல்லை. கேரட்டுக்குச் சிறு துளைத் துருவி சரியாக இருக்கும். மிக்சியில் போட்டால் கூழாகி, அலகிலும் முகத்து இறகிலும் ஒட்டிக் காய்ந்துவிடும். பழத்தை மட்டும் ஒரு முகம் வெட்டிய துண்டாகக் கம்பியில் செருகலாம். வெட்டிய அந்தப் பக்கத்தை அவை சுரண்டித் தின்னும்.

தட்டையான பீங்கான் தட்டு அல்லது அகல் விளக்கு மாதிரி ஆழமில்லாத மண் தட்டு பாத்திரத்துக்குப் போதும். தினைக் கிண்ணத்திலிருந்து எட்ட வையுங்கள். உட்காரும் குச்சிக்கு நேர் கீழே வைத்தால் எச்சம் விழும். என் தர்பூசணிக் கதையில் பாதித் தவறு வைத்த இடத்தில்தான்.

படி 6: பழக்குவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். "எங்க வீட்டுக் குருவி தினை தவிர எதையும் தொடாது" என்பார்கள். எத்தனை நாள் வைத்தீர்கள் என்று கேட்டால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

பிஞ்சஸ் புதிதாக எதைப் பார்த்தாலும் மிரளும். முதல் நாள் தட்டை வைத்ததும் கூண்டின் எதிர் மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பரவாயில்லை. அதே தட்டு, அதே இடம், அதே நேரம், தினமும் வையுங்கள். பொருளை மாற்றாதீர்கள். நான் ஒவ்வொரு புது ஜோடிக்கும் முதல் இரண்டு வாரம் முருங்கைக்கீரையை மட்டும்தான் வைப்பேன். நாலாம் ஐந்தாம் நாளில் தட்டின் விளிம்பில் வந்து உட்காரும். அப்போது நறுக்கிய கீரையின் மேல் ஒரு சிட்டிகை தினையைத் தூவிவிடுங்கள். தினையைப் பொறுக்கும்போது ஒரு துணுக்குப் பச்சை வாயில் போகும். துப்பும். அடுத்த நாள் துப்பாது.

ஏற்கெனவே கீரை தின்னும் ஒரு குருவி இருந்தால் வேலை சுலபம். அதன் கூண்டைப் புதியவர்களின் பார்வையில் படும்படி பக்கத்தில் வையுங்கள். கூட்டமாக வாழும் பறவை. ஒன்று தின்பதைப் பார்த்து மற்றது கற்றுக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பசித்தால் தின்னும் என்று தினைக் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டாம். இவ்வளவு சிறிய பறவைக்கு ஒரு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்து. வேண்டுமானால் விடிந்ததும் தினை வைப்பதற்கு முன்பு அரை மணி நேரம் கீரைத் தட்டை மட்டும் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

படி 7: எடுப்பது

வைப்பதைவிட முக்கியம் இது. காலை ஏழு மணிக்கு வைத்தால் ஒன்பது மணிக்கு வெளியே எடுத்துவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் பழம் என்றால் ஒரு மணி நேரம்தான். கிளிப்பில் மாட்டிய முருங்கை வாடிச் சுருண்டதும் எடுத்துவிடலாம். கூண்டின் அடித்தட்டில் சிதறியதையும் கூட்டித் தள்ளுங்கள். மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் பூசணம் பிடிக்கும். வேலைக்குப் போகிறவர்கள் காலை எழுந்ததும் முதல் வேலையாக வைத்து, செருப்பு மாட்டும்போது எடுத்துவிடுங்கள். அது முடியாத நாளில் வைக்காதீர்கள். ஒரு நாள் கீரை இல்லாவிட்டால் குருவி ஒன்றும் ஆகிவிடாது.

படி 8: எச்சத்தைப் படிப்பது

அடித்தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்தால் எச்சம் தெளிவாகத் தெரியும். அதில் மூன்று பாகம்: கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு சுருள், அதன் மேல் வெள்ளைப் பூச்சு, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த ஈரம். வெள்ளரியோ பழமோ தின்ற நாளில் இந்த ஈர வட்டம் பெரிதாகும். அதைப் பார்த்துத்தான் "வயித்தால போகுது" என்று பலர் பயப்படுகிறார்கள். நடுவில் உள்ள சுருள் உருக்குலையாமல் இருந்தால் அது கழிச்சல் கிடையாது, தண்ணீர் அதிகமாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கேரட்டுக்கு ஆரஞ்சு, பீட்ரூட்டுக்குச் சிவப்பு என்று நிறமும் மாறும். நான் முதன்முதலில் பீட்ரூட் துருவல் கொடுத்த அன்று ரத்தம் என்று நினைத்து அலறியதை என் மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

சுருளே கரைந்து கூழாக வந்து, பின்புற இறகு நனைந்து ஒட்டி, குருவி ஊதிப்போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தால் அது நோய். எல்லாப் பச்சையையும் நிறுத்திவிட்டு, காற்றுப்படாத கதகதப்பான இடத்தில் கூண்டை வைத்து, தினையும் தண்ணீரும் எட்டும்படி வைத்து, அன்றே மருத்துவரிடம் போங்கள். இரண்டு நாள் பார்க்கலாம் என்பதற்கு 12 கிராமில் இடமில்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பறவை பார்க்கத் தெரிந்த டாக்டர் யார் என்று இப்போதே விசாரித்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: வீட்டிலேயே ஒரு முளைப்பாரி

ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தப் படியைச் சொல்லித்தரத் தேவையில்லை. என்னைக் கேட்டால் எந்தப் பழத்தைவிடவும் பிஞ்சஸுக்குக் கொடுக்கத் தகுந்த விருந்து இதுதான்.

மளிகைக் கடையில் தினை என்று கேட்டால் பெரும்பாலும் தினையரிசிதான் தருவார்கள். தோல் நீக்கியது, முளைக்காது. பறவைத் தீவனக் கடையில் கிடைக்கும் தோலோடு உள்ள தினை வேண்டும். விதைப்புக்காக விற்கும் விதை வேண்டாம், மருந்து கலந்திருப்பார்கள்.

இரண்டு அங்குல உயரத் தட்டு ஒன்றில் அடியில் துளையிட்டு, நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூளை நிரப்புங்கள். உரம், சாணம் எதுவும் வேண்டாம். ஒரு ராத்திரி ஊறிய தினையை நெருக்கமாகத் தூவி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் இரண்டு நாள் மூடி வையுங்கள். முளை கண்டதும் வெளிச்சத்துக்கு எடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் இரண்டு அங்குலப் புல்வெளி தயார். தட்டோடு கூண்டுக்குள் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துவிடுங்கள். புல்லைக் கிழிக்கும், இடையில் கிடக்கும் முளைக்காத தினையைக் கிளறும், ஈரத்தில் புரளும். அடியில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் யோசிக்காமல் தட்டோடு கொட்டிவிடுங்கள்.

தினை, சாமை, குதிரைவாலி, கம்பு எதை வேண்டுமானாலும் போடலாம். சோளம் (ஜோவார்) மட்டும் கூடாது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்து மாடு விழுந்த கதையைக் கிராமத்தில் கேட்டிருப்பீர்கள். அந்தக் குருத்தில் சயனைடு நஞ்சு உண்டாகும்.

புல் வரும்வரை பொறுமை இல்லாதவர்கள் முளைகட்டிய தினை கொடுக்கலாம். எட்டு மணி நேரம் ஊறவைத்து, டீ வடிகட்டியில் வடித்து, நாளைக்கு மூன்று முறை அலசிக்கொண்டே இருந்தால் ஒன்றரை நாளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். மூக்கருகே வைத்துப் பாருங்கள். பச்சை மண் வாசனை வந்தால் கொடுக்கலாம். லேசாகப் புளிப்பு வாடை அடித்தாலும் குப்பைக்கு. இதில் இன்னொரு லாபமும் உண்டு: பத்தில் ஏழெட்டு விதையாவது முளைக்காவிட்டால் உங்களுக்குக் கிடைத்திருப்பது பழைய தினை. கடையை மாற்றுங்கள்.

தொட்டியில் இடம் இருந்தால் நாலைந்து தினைச் செடியை வளரவிட்டுப் பாருங்கள். கதிர் வந்து, பச்சையாக, நசுக்கினால் பால் வரும் நிலையில் அறுத்துக் கூண்டில் கட்டுங்கள். சாலையோரத்து அருகம்புல்லையும் பிஞ்சஸ் விரும்பும். ஆனால் நாய் போகிற வழி, மருந்தடிக்கிற பார்க் என்றால் கை வைக்காதீர்கள்.

குஞ்சு பொரித்திருக்கும்போது

ஜீப்ரா பிஞ்ச் முட்டை பொரிய 12 முதல் 14 நாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அப்பனும் அம்மாவும் ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்த நாள்களில் கீரையைக் காலையும் மதியமும் இரண்டு தவணையாக வைக்கிறேன். கூடவே பத்து நிமிடம் கெட்டியாக வேகவைத்த முட்டையை மசித்து, கேரட் துருவலோடு கலந்து ஒரு டீஸ்பூன். முட்டை கெட்டுப்போகிற வேகத்தில் வேறு எதுவும் கெடாது. கடிகாரத்தைப் பார்த்து எடுங்கள். பழத்தை அந்த மூன்று வாரமும் நிறுத்திவிடுவேன், குஞ்சின் வயிற்றை வெறும் தண்ணீரால் நிரப்ப வேண்டாமே.

சுண்ணாம்புச் சத்துக்குக் கூண்டில் எப்போதும் கணவாய் ஓடு தொங்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், விலையும் குறைவு. கோழிமுட்டை ஓட்டையும் வீணாக்க வேண்டாம்: பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வெறும் வாணலியில் வறுத்து, ரவை பதத்துக்குப் பொடித்து வையுங்கள். என் பழைய பெட்டையின் காகித ஓட்டுப் பிரச்சினை கடல் நுரையும் முருங்கையும் வந்த பிறகு தீர்ந்தது.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முளையும் முட்டையும் பச்சையும் தாராளமாகக் கிடைத்தால், மழை வந்துவிட்டது என்று பிஞ்சஸ் அர்த்தம் செய்துகொள்ளும். நிறுத்தாமல் முட்டையிட்டுப் பெட்டை உருக்குலைந்துவிடும். இரண்டு மூன்று ஈடு முடிந்ததும் கூடு கட்டும் கலயத்தை எடுத்துவிட்டு, முட்டையையும் முளையையும் நிறுத்தி, சில மாதம் தினையும் கொஞ்சம் கீரையுமாக ஓய்வு கொடுங்கள்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு நாங்கள் நாலு நாள் ஊருக்குப் போனால் கூண்டு எதிர்வீட்டு அக்காவின் பொறுப்பு. அவருக்குக் கை தாராளம். வாழைப்பழத்தை உரித்து முழுசாகத் தொங்கவிட்டுவிடுவார். அதனால் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: "அக்கா, தினையும் தண்ணியும் மட்டும் காலையில மாத்திடுங்க. தினைக் கிண்ணத்துல மேல உமிதான் கிடக்கும், ஊதிப் பாத்துட்டுப் போடுங்க. கீரை, பழம் எதுவும் வேணாம், நான் வந்து குடுத்துக்கிறேன்."

"பாவம்டா, பொங்கலுக்குக்கூடவா?"

"சரி, வாசல்ல கட்டுன கரும்பு மட்டும் வேணாம். முருங்கை ஈர்க்கு ஒண்ணு மாட்டுங்க. சுருண்டதும் எடுத்துடுங்க."